கால் முன்னால்

மங்கைக்கு எடை நாற்பத்தொரு கிலோ. பயிற்சியின் முதல் நாள் எல்லோரையும் எடை மிஷினில் ஏற்றிப் பார்த்த துரைக்கண்ணு சார், முள் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நீதாம்மா பேஷன்ட்," என்றார்.

அன்றிலிருந்து அவள் படுத்தாள்.

செஞ்சியில் திண்டிவனம் சாலையில், ஒரு மொபைல் கடைக்கு மேலே இருந்த கூடத்தில் அந்தப் பயிற்சி நடந்தது. ஆம்புலன்ஸில் நோயாளியோடு போகிறவர்களுக்கான அடிப்படைப் பயிற்சி. பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். துரைக்கண்ணு பல வருஷம் ஆம்புலன்ஸில் ஓடி, முதுகு போன பிறகு பாடம் எடுக்க வந்தவர். கூடத்தில் ஒரு பொம்மை இருந்தது. அதற்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது. நெஞ்சை அழுத்திப் பழக அது போதும். தூக்கிப் பழக முழு ஆள் வேண்டும்.

மங்கையின் கழுத்துக்குக் காலர் மாட்டிப் பழகினார்கள். உடையாத காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினார்கள். மூன்று பேர் மண்டியிட்டு அவளை ஒரே சமயத்தில் பக்கவாட்டில் உருட்டி, முதுகுக்கடியில் பலகையைத் தள்ளினார்கள். தூக்கினார்கள், நடந்தார்கள், இறக்கினார்கள். யார் கை ஈரம், யார் கை நடுங்கும், யார் தூக்கும்போது மூச்சை அடக்குகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. அவள் பார்த்ததெல்லாம் கூடத்தின் மேல்தளம்தான். மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒரு ஈரக்கறை இருந்தது.

ஒரு நாள் மதியம், வார் கட்டிய பலகையிலேயே தூங்கிவிட்டாள். துரைக்கண்ணு அதையும் விடவில்லை.

"இது தூக்கமா, மயக்கமா? எப்படிக் கண்டுபுடிப்பீங்க?"

"குறட்டை வருது சார்," என்றான் பார்த்திபன். வகுப்பிலேயே பெரிய உடம்பு அவனுக்குத்தான்.

"மயக்கத்துலயும் குறட்டை வரும்டா. தோளத் தட்டு. சத்தமா கூப்பிடு."

தட்டினான். மங்கை கண் விழித்து, "எறக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

இங்கே வருவதற்கு முன் அவள் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றாள். பிரித்துக் காட்டுவது, மடிப்பது. பன்னிரண்டாவதில் அறிவியல் பாடம் எடுத்துப் படித்தவள். இந்தப் பயிற்சி பற்றிய நோட்டீஸை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தது அவள் மாமியார் காத்தாயி. மார்க்கெட் கமிட்டியில் நெல் தூற்றுகிறவள். படிக்கத் தெரியாது. அதில் ஒரு ஆம்புலன்ஸ் படம் போட்டிருந்தது.

"பன்னெண்டாவது படிச்சது பொடவ மடிக்கறதுக்கா? போயி இது இன்னான்னு கேளு."

மங்கை கேட்டாள், சேர்ந்தாள். ஜவுளிக்கடையில் அவள் நின்ற இடத்தில் மறுவாரமே வேறொரு பெண் வந்துவிட்டாள். திரும்பிப் போக இடமில்லை.

பயிற்சி முடிய ஒரு மாதம் இருந்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது. தேர்வில் ஒவ்வொருவரும் ஒரு தடவை தலைமாட்டில் நின்று, சொல்லிச் சொல்லித் தூக்கிக் காட்ட வேண்டும். அவள் இதுவரை ஒருவரையும் தூக்கியதில்லை.

"சார், நானும் தூக்கணும்."

"தூக்கலாம்மா. உன்ன உட்டா யாரு படுப்பாங்க?"

"நான் படுக்கறன் சார்," என்று பார்த்திபன் படுத்தான்.

மங்கை தலைமாட்டைப் பிடித்தாள். மற்றவர்கள் பிடித்த பக்கம் பலகை எழுந்தது. அவள் பக்கம் தரையோடு இருந்தது. பார்த்திபன் தலைகீழாகச் சறுக்கி அவள் முழங்காலில் வந்து முட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். துரைக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை.

"ரோட்ல வுழுந்து கெடக்கறவங்க பாதி பேரு இவன் சைஸ்லதான் இருப்பாங்க. முதுகால தூக்காத. தொடையால தூக்கு. வூட்ல யாராவது இருக்காங்களா, பழகறதுக்கு?"

இருந்தார்கள். கணவன் இளையபெருமாள் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். எங்கிருந்தோ ஒரு நீளமான பிளைவுட் பலகையைக் கொண்டுவந்து, ஓரங்களில் கை நுழைய ஓட்டை வெட்டினான். படுப்பதற்குக் காத்தாயி வந்தாள்.

"நான் அறுவது கிலோ இருப்பன். போதுமா?"

வீட்டுக்குள் நடக்க இடமில்லை. கூடத்தில் தூக்கி, வாசல் தாண்டி, இரண்டு படி இறங்கி, தெருமுனை வரை போய்த் திரும்ப வேண்டும். பாடத்தில் சொன்னபடி மங்கை தலைமாட்டில் நின்றாள். இளையபெருமாள் கால்மாட்டைப் பிடித்து முன்னால் நடந்தான். நிலைப்படியை அவன் தாண்டியதும் காத்தாயி அலறினாள்.

"எறக்கு! எறக்குடா டேய்!"

இறக்கினார்கள்.

"இன்னாம்மா?"

"கால முன்னால நீட்டிக்கினு வாசலத் தாண்டறது எது? சொல்லு. பொணந்தான் போவும்."

"இதுதான் அத்தே ரூல்சு. கால் முன்னால போவணும், தலை பின்னால வரணும்."

"உங்க ரூல்சு உங்க சாருக்கு. என்னத் தலைய முன்னால வெச்சு எடுத்துக்கினு போ. இல்லன்னா நான் எழுந்து போறன், ரெண்டு பேரும் பலகையத் தூக்கிக்கினு பின்னால வாங்க."

பலகையைத் திருப்பினார்கள். மங்கை தலைமாட்டைப் பின்கையாகப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். முதல் நாள் படி வரைதான் முடிந்தது. இரண்டாம் வாரம் தெருவிளக்கு வரை போனார்கள். தினமும் காத்தாயி கமிட்டியிலிருந்து வந்து, டீ குடித்துவிட்டுப் படுத்தாள். எதிர்வீட்டு அமலா கதவோரம் நின்று பார்த்தாள்.

"இன்னா பெரிம்மா, பல்லக்கா?"

"ஆமாண்டி. மலையனூர் அம்மன் ஊர்வலம் வர்றா. தேங்கா ஒடச்சிட்டு நில்லு."

"அம்மனுக்கு இவ்ளோ வாய் இருக்காதே."

எடை போதவில்லை என்று ஆனபோது, காத்தாயி வயிற்றின்மேல் ஒரு சிப்பம் அரிசியை வைத்துக்கொண்டாள். மங்கைக்குத் தொடை இறுகியது. பலகை ஆடாமல் எழுந்தது. தெருமுனையில் இறக்கும்போது தொப்பென்ற சத்தம் கேட்கவில்லை.

"டீத்தண்ணி கூட சிந்தாது போல," என்றாள் காத்தாயி. அது அவள் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு.

தேர்வன்று விழுப்புரத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். மங்கையின் முறை வந்ததும் கூடத்தைச் சுற்றிப் பார்த்து, பார்த்திபனைப் படுக்கச் சொன்னார். துரைக்கண்ணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மங்கை காலர் மாட்டினாள். உருட்டச் சொன்னாள், வார் கட்டினாள், ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்த்தாள். குந்தி உட்கார்ந்து, "ஒண்ணு, ரெண்டு, தூக்கு" என்றாள். பலகையோடு பார்த்திபன் மேலே எழுந்தான். நான்கு மூலையும் ஒன்றாக எழுந்தன. துரைக்கண்ணு திரும்பிப் பார்த்தார்.

நான்கு தப்படி சரியாகத்தான் நடந்தார்கள். கூடத்தின் வாசல் வந்தது. மங்கை "திரும்பு" என்றாள். மற்ற மூவரும் ஒரு கணம் தயங்கி, அவள் சொன்னபடியே திரும்பினார்கள். அவள் பார்த்திபனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவன் தலையை முன்னால் இழுத்தபடி வாசலைத் தாண்டினாள்.

"நில்லுங்க," என்றார் மேடம். "ஏன் திருப்பினீங்க?"

மங்கைக்கே அப்போதுதான் தெரிந்தது.

"வாசல் வந்துச்சு மேடம்."

"வாசல் வந்தா?"

மங்கை பலகையின் பிடியை மாற்றிப் பிடித்தாள்.

"தலைமாட்டுல இருக்கறவங்க பின்னால வந்தாதான் மொகம் தெரியும். வாந்தி எடுக்கறாரா, மூச்சு இருக்குதான்னு அங்கருந்துதான் பாக்கணும். இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சும்?"

"மாமியார் ஒத்துக்கல மேடம்."

பலகையில் பார்த்திபன் குலுங்கினான். மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆனாலும் அந்த ஒன்றில் பாஸ் போடவில்லை. மற்றதெல்லாம் சரி, அடுத்த சனிக்கிழமை இதை மட்டும் இன்னொரு தடவை செய்து காட்ட வேண்டும். அன்றும் தவறினால் சான்றிதழ் கிடையாது. அடுத்த வருஷம் முதலிலிருந்து சேர வேண்டும்.

அன்று வீட்டில் மங்கை கணவனிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். அந்த வீட்டில் மெதுவாகச் சொல்ல முடியாது.

"எல்லாம் உன்னாலதாம்மா," என்றான் இளையபெருமாள்.

காத்தாயி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள் மங்கை. "நான் மூட்டைய வெச்சுப் பழகிக்கறன்."

"மூட்டைக்கு ஏதுடி தலையும் காலும்?" என்றாள் காத்தாயி. அதற்குப் பிறகு படுக்கும்வரை பேசவில்லை. அந்த வீட்டுக்கு அது புதிது.

மறுநாள் கமிட்டியிலிருந்து வந்தவள், தலையில் நெல் தூசியோடு நேராகப் பலகையில் படுத்தாள்.

"மேல் கழுவிட்டு வாங்களேன் அத்தே."

"குளிப்பாட்டிப் படுக்க வெச்சா அசல் பொணமேதான். இப்படியே தூக்கு. கால முன்னால வெச்சே தூக்கு. ஆனா நான் வாய மூட மாட்டன். வழி பூரா பேசிக்கினே வருவன்."

தூக்கினார்கள். இளையபெருமாள் முன்னால் திரும்பி நடந்தான். காத்தாயி உள்ளிருந்தே கத்தினாள்.

"யே அமலா! நான் பேசறது கேக்குதா?"

"தெருக்கோடி வரைக்கும் கேக்குது பெரிம்மா!"

"அப்ப உசுரோடதான் இருக்கறன். கேக்கறவங்களுக்கு சொல்லிடு!"

"இப்பவாவது நீ வாய மூடுவன்னு பாத்தன்!"

நிலைப்படி வந்தது. காத்தாயியின் கால் வெளியே போனது. சத்தம் நின்றது.

"இன்னாம்மா, பேச்சக் காணோம்?" என்றான் இளையபெருமாள், திரும்பாமல்.

மங்கை கீழே பார்த்தாள். அவள் கைகளுக்கு நடுவே, தலைகீழாக, மாமியாரின் முகம் இருந்தது. கண்களை இறுக மூடியிருந்தாள். வாய் கோணியிருந்தது. நெற்றியில் தூசியோடு வேர்வை. இந்த வாசல் வழியாக, இறந்த மாமனாரைக் கொண்டுபோனபோது காத்தாயி உள்ளே நின்றிருந்தாள். இத்தனை நாள் தூக்கியும் இந்த முகத்தை மங்கை ஒரு தடவையும் பார்க்கவில்லை. முதுகைக் காட்டியே நடந்திருக்கிறாள்.

பலகையில் படுத்திருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். அடுத்தது என்ன செய்யப்போகிறார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேல்தளம் மட்டும் நகரும்.

"அத்தே, கண்ணத் தொறங்க. என்னப் பாருங்க."

காத்தாயி திறக்கவில்லை.

"நான் இங்கதான் இருக்கறன். இப்ப படி வருது. ரெண்டு படி. அவரு மொதல்ல எறங்கறாரு. கால் பக்கம் கொஞ்சம் தாழும், பயப்படாதீங்க. எறங்கிட்டாரு. இப்ப நான் எறங்கறன். அவ்ளோதான். ரோடு வந்துடுச்சு."

காத்தாயி ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இன்னொன்றை. மேலே மருமகளின் முகத்தையே பார்த்தாள்.

"உன் மூக்கு ஓட்ட தெரியுது," என்றாள்.

"தெரியட்டும். பாத்துக்கினே வாங்க."

தெருமுனை வரை போனார்கள். காத்தாயி அதற்குப் பிறகு கத்தவில்லை, சின்னக் குரலில் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். யாரோ கொடுக்கவேண்டிய முறத்தைப் பற்றி, கமிட்டியில் வந்த ஈர நெல்லைப் பற்றி. மங்கை ஒவ்வொன்றுக்கும் "ஆங்" கொட்டினாள். திரும்பி வந்து படி ஏறும்போது தலை முன்னால் போக வேண்டும். ஏறுவதற்கு விதி அதுதான். பலகையைத் திருப்பினார்கள்.

"இது நல்ல ரூல்சு," என்றாள் காத்தாயி.

சனிக்கிழமை வரை தினமும் தூக்கினார்கள். சனிக்கிழமை, மேடம் மறுபடியும் பார்த்திபனையே படுக்க வைத்தார். மங்கை அவனைக் கால் முன்னால் வாசல் தாண்டி எடுத்துப் போனாள். போகும் வழியெல்லாம் அவன் முகத்தைப் பார்த்து, இப்போது வாசல், இப்போது படி என்று சொல்லிக்கொண்டே போனாள். மேடம் நிறுத்தவில்லை. கீழே தெரு வரை கூடவே இறங்கி வந்தார். பாஸ் போட்ட பிறகு, "உங்க மாமியாருக்கு என் வணக்கத்த சொல்லுங்க," என்றார்.

காத்தாயியிடம் மங்கை அதைச் சொன்னாள்.

"எனக்கு எதுக்கு வணக்கம்? நான் படுத்துக்கினுதான இருந்தன்."

இப்போது மங்கை ஆம்புலன்ஸில் ஓடுகிறாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பனமலைப் பக்கத்தில் ஒரு வீடு. ஏரிக்கரையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்த பெரியவர். பலகையில் கட்டித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, மகன் குறுக்கே வந்து நின்றார்.

"கால முன்னால எடுத்துக்கினு போவாதீங்க மேடம். உசுரோட இருக்கறாரு."

"தெரியும்ங்க. அவரு மொகத்த நான் பாத்துக்கினே வரணும், அதுக்குத்தான். என் மாமியாரையே இப்படித்தான் வூட்ட வுட்டுத் தூக்கினு போனன்."

மகன் நகரவில்லை. பலகையிலிருந்து பெரியவர் கேட்டார்.

"உன் மாமியாரு இன்னும் இருக்கறாங்களா?"

"இருக்கறாங்க தாத்தா. காலையில கூட கொழம்புல உப்பு இல்லன்னு சத்தம் போட்டாங்க."

பெரியவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வழி உடுடா," என்றார் மகனிடம்.