சனிக்கிழமை ஆட்டக் கிளாஸ்

பாட்டும் ஆட்டமும் படிப்பிக்கிற இடத்தில் கதவு திறக்கிற வேலைக்கு வருகிறவளுக்கு இரும்பில் செய்த காது வேண்டும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் யாராவது வயலின் படிக்கத் தொடங்கியிருந்தால் நான் சொல்வது புரியும். நீங்களும் நம்ம கூட்டம்தான்.

பாறசாலையிலிருந்து தனுவச்சபுரம் போகிற வழியில், நாட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற ஸ்கூல் எங்களுடையது. அஞ்சு வயசுப் பிள்ளையும் படிக்கும், பென்ஷன் வாங்குகிறவரும் படிப்பார். ஒரு அறையில் ஹார்மோனியம், நடு ஹாலில் ஆட்டம், பின்பக்கம் செண்டை. செண்டை மேளம் படிக்க வந்தாலும் முதலில் கை படுவது செண்டையில் இல்லை. புளியங்கம்பை வைத்துக் கருங்கல்லில் அடித்துத்தான் கை பழக வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். நான் நாலாம் கிளாஸோடு படிப்பை நிறுத்தினவள். பூட்டைத் திறந்து, தரையைத் துடைத்து, விளக்கு ஏற்றி, பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்து, யார் செருப்பை யார் போட்டுக்கொண்டு போனார்கள் என்ற வழக்கையும் தீர்த்து வைப்பது என் வேலை.

மீன் வேண்டாம்

ஓணம் கழிந்த ஒரு சனிக்கிழமை. தலையில் மீன் சருவத்தோடு ஒருத்தி வாசலில் நின்றாள். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். காஞ்சிரங்குளத்துக்கு அந்தப் பக்கம், கடலோரத்துக் கடப்புறத்துக்காரி, பேர் ஸ்டெல்லா. எங்கள் பக்கம் வீடு வீடாக மீன் கொண்டு வருகிறவள்தான். உள்ளே ஆட்டக் கிளாஸ் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வட்டமாகச் சுற்றிக் கைகொட்டி ஆடுகிற திருவாதிரைக்களி.

"இன்னைக்கு மீன் வேண்டாம் பிள்ளே," என்றேன். போகவில்லை. நேற்று வாங்கினதே இருக்கிறது என்றேன். அதற்கும் போகவில்லை. கழுத்தை நீட்டி ஹாலுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சருவத்தை இறக்கிக் கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே ஒரு சாளை மீன்கூட இல்லை.

"மீன் அங்கயே தீந்தாச்சு அக்கா. எனக்கு ஆட்டம் படிக்கணும். வயசு கேப்பியளா?"

முதல் வரிசை

எங்கள் ஸ்கூலில் வயசு கேட்பதில்லை. புதிதாக வருகிறவர் யாரானாலும் முதல் வரிசை, ஒரே கிளாஸ். அப்படி ஸ்டெல்லா நின்றது இரண்டாம் கிளாஸ் படிக்கிற அம்மு என்ற வாலுக்குப் பக்கத்தில். சருவத்தைப் பின்பக்கம் பைப்படியில் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். எவ்வளவு கழுவி என்ன? அடுத்த சனிக்கிழமை முதல் அந்த நாட்டுப் பூனைகள் எல்லாம் ஜன்னலில் வரிசையாக உட்கார்ந்து திருவாதிரைக்களி பார்க்கத் தொடங்கின. ஆட்டம் படிப்பிக்கிற லதா டீச்சர் தாளம் தட்டத் தட்ட, அவை வால் ஆட்டும்.

ஒரு வாரம் ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. அன்றைக்கு ஜன்னலில் ஒரு பூனையும் இல்லை. டீச்சர் பேர் கூப்பிட்டபோது அம்மு எழுந்து நின்று சொன்னது:

"ஸ்டெல்லா அக்கா லீவு டீச்சர். அவங்க ஆளுகளும் லீவு."

ஆடாத தலை

காலும் கையும் ஸ்டெல்லாவுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. வராதது தலை. திருவாதிரைக்களிக்கு இடுப்பு சாயும்போது தலையும் மெல்லச் சாய வேண்டும். ஸ்டெல்லாவின் உடம்பு முழுக்கச் சாயும், குனியும், திரும்பும். தலை மட்டும் மேலே எதையோ வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி நேராக நிற்கும். "இப்போ தலையில ஒண்ணும் இல்லை ஸ்டெல்லா, ஆட்டுங்க," என்று டீச்சர் கெஞ்சினார்.

"கல்யாணம் கழிஞ்ச நாள் தொட்டு ஆட்டாம வச்சிருந்த தலையாக்கும் டீச்சரே. ஆட்டினா மீனு ரோட்டுல கிடக்கும்."

பஸ்ஸில் பரீட்சை

அதற்காக விட்டுவிடுகிறவள் இல்லை. வீட்டில் தலையாட்டிப் படிக்க முடியாது. ஏனென்றால் வீட்டில் யாருக்கும் தெரியாது. புருஷன் பத்ரோஸ் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். "கடப்புறத்து ஆம்பிளைகள் நாக்கு வலையை விட நீளம் அக்கா. வயசான காலத்துல பெண்டாட்டி ஆடப் போறாளான்னு அவரைக் கேலி பண்ணினா, அன்னைக்கே என்னை நிப்பாட்டிருவாரு. ஒரே ஒரு தடவை மேடையில ஏறிட்டேன்னா போதும், பெறகு என்னவும் சொல்லட்டு," என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அதைச் சொல்லும்போது அவள் கை என் கையைப் பிடித்திருந்த பிடி, வள்ளத்துக் கயிறு பிடிக்கிற பிடி.

அதனால் பஸ்ஸில்தான் படிப்பு. நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மனசுக்குள் பாட்டை ஓட்டி, தலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் "இறங்கணுமா?" என்று கேட்பார். இவள் தலை ஆடும். பெல் அடிப்பார், பஸ் நிற்கும், இவள் இறங்க மாட்டாள். மூன்று நிறுத்தம் ஆன பிறகு அந்த மனுஷன் கைகூப்பிவிட்டார்.

"அக்கா, இறங்கணும்னோ வேண்டாம்னோ ஏதாவது ஒண்ணுக்குத் தலையாட்டுங்க!"

பாட்டுப் படிக்க வந்தவர்

நவம்பர் மாச மழையில் ஒரு சனிக்கிழமை, குடையை மடக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, அமைதியான முகம். பாட்டுப் படிக்க வேண்டும் என்றார். இவர் பாட்டெடுத்தால் கீபோர்டு வாசிக்கிறவன் எங்கே போய்ப் பிடிப்பது என்று தெரியாமல் கையை எடுத்துவிடுகிறானாம். தெரிந்தவர்கள் கண்ணில் படாத இடமாக இருக்கட்டும் என்று இவ்வளவு தூரம் தேடி வந்திருக்கிறார். உட்காருங்கள், பாட்டு ஸார் வருவார் என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா ஹாலிலிருந்து வெளியே வந்தாள். இடுப்பில் சேலையை இழுத்துச் சொருகி, நெற்றியெல்லாம் வியர்வை. இவரைக் கண்டாள். இவர் அவளைக் கண்டார். ரெண்டு பேருக்கும் ஓட இடமில்லை, வெளியே மழை. "ஐயோ, பாதர்!" என்று அவள் வாயைப் பொத்தின பிறகுதான் எனக்கு விளங்கியது, வந்தவர் ஸ்டெல்லா போகிற மாதா கோயிலின் பங்குச்சாமியார், கீபோர்டும் அங்கே பூசைக்கு வாசிக்கிறது. அவள் வீட்டில் சொல்லி வைத்திருந்ததோ, சனிக்கிழமை கோயில் கூட்டிப் பெருக்கப் போகிறேன் என்று! பாதர் மடக்கின குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்:

"எம் பெண்டாட்டி கூட்டுறதாலதான் கோயில் இப்பிடி மினுங்குதுன்னு பத்ரோஸ் பெருமை சொன்னான். நானும் ஆமா ஆமான்னேன். இனி அந்தப் பொய்க்கு நான் எந்தச் சாமியார்கிட்டப் போய்ப் பாவமன்னிப்பு கேக்குறது ஸ்டெல்லா?"

ஃபிளெக்ஸ்

மார்கழித் திருவாதிரைக்கு எங்கள் ஸ்கூலின் ஆண்டுவிழா. கமிட்டிக்காரர்களுக்கு ஃபிளெக்ஸ் வைக்காமல் தூக்கம் வராது. பாறசாலையில் ஒன்று, பனச்சமூட்டில் ஒன்று. இன்னொன்றை எங்கே வைக்கலாம் என்று பார்த்தவர்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? நேரே ஸ்டெல்லாவின் ஊருக்குப் போகிற காஞ்சிரங்குளம் ஜங்ஷனில் கொண்டு கட்டினார்கள். நடுவில், பொன்கரை போட்ட கசவுச் சேலையில், ஒரு ஆள் உயரத்துக்கு ஸ்டெல்லா.

மறுநாளே பத்ரோஸ் வந்தார். மடித்துக் கட்டின முண்டு, சிவந்த கண். இன்றைக்குக் கூத்துதான் என்று நான் கதவை மறைத்து நின்றேன். உள்ளே பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. அவர் ஜன்னல் வழியே ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போகவில்லை, சத்தம் போடவில்லை. கேலிக்குப் பயந்து வந்தவர் என்று நினைத்தேனே, அது இல்லை.

"கடப்புறம் முழுக்கத் தெரியும், பாதருக்குத் தெரியும், பஸ்ஸுக்காரனுக்குத் தெரியும். நான் யாராக்கும் அவளுக்கு?"

எட்டுக்கு ஒன்று குறைவு

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சில்லை என்று ஸ்டெல்லா சொன்னாள். போ என்றும் இல்லை, போகாதே என்றும் இல்லை. விழாவன்று சாயங்காலம் வந்தது. மற்ற ஏழு பேரும் பூச்சூடி நிற்கிறார்கள், ஸ்டெல்லாவைக் காணோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. இந்த ஆட்டத்தில் இரண்டிரண்டு பேராகத் திரும்பி ஒருத்தி கையில் ஒருத்தி கொட்ட வேண்டும். ஏழு பேரென்றால் ஒருத்தி காற்றில் கொட்டிக்கொண்டு நிற்பாள். லதா டீச்சர் சுற்றிப் பார்த்தார். அவர் கண் என்மேல் வந்து நின்றது. "எனக்கு முட்டுவலி!" என்று நான் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

அப்போது ரோட்டில் ஒரு ஹாரன். கதவிடுக்கில் பார்த்தால் மீன் கொண்டு போகிற பெட்டி ஆட்டோ. ஓட்டுகிறது பத்ரோஸ். பின்னால், மீன்பெட்டி வைக்கிற இடத்தில் ஒரு நாற்காலி. அதில் கசவுச் சேலை கசங்காமல் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, தலை ஆடாமல், ராணி மாதிரி ஸ்டெல்லா! அதற்குப் பின்னால் பைக்கிலும் வேனிலும் கடப்புறத்து ஆட்கள், விசில் அடித்துக்கொண்டு. டீச்சர் ஓடிப்போய், "இவ்வளவு நேரமா?" என்று கத்தினார். பத்ரோஸ் முண்டைத் தழைத்து விட்டுக்கொண்டு இறங்கினார்.

"வண்டியைக் கழுவ வேண்டாமா டீச்சரே? சோப்பு போட்டு, பெறகு எலுமிச்சம்பழம் தேச்சு, பெறகு டெட்டாலும் ஊத்தியாக்கும் கொண்டு வாறேன். கசவுச்சேலையில மீன் மணத்தா எனக்கல்லவா குறைச்சல்!"

வட்டம்

விளக்கைச் சுற்றி ஆட்டம் தொடங்கியது. கொட்டு விழ விழ எனக்கே கால் தரையில் நிற்கவில்லை. முட்டுவலி என்று சொன்னவள் என்பது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன். ஸ்டெல்லாவின் கழுத்து பாதிதான் சாய்ந்தது. ஆனால் அந்த முகம் இருக்கிறதே, விளக்குக்கு எண்ணெய் வேண்டாம். கடப்புறத்துக்காரர்கள் வள்ளம் இழுக்கிற மாதிரி ஒத்துக் கைதட்டினார்கள். முன்வரிசையில் பாதர் பாட்டைக் கூடப் பாடிக்கொண்டிருந்தார், தன் சுருதியில்.

திடீரென்று பத்ரோஸ் நாற்காலியை விட்டு எழுந்தார். மனுஷன் மேடைக்கு இடப்பக்கம் நடந்தார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மேடைக்குப் பின்னால் போனார். பிறகு வலப்பக்கமாக வந்தார். மறுபடி இடப்பக்கம். மேடையில் எட்டுப் பேர் சுற்றுகிறார்கள், கீழே இவர் சுற்றுகிறார். ஜனங்கள் ஆட்டத்தைப் பார்ப்பதா இவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் சிரிக்கிறார்கள். கமிட்டிக்காரர் ஓடிப்போய், "ஒரு இடத்துல இருங்க அண்ணாச்சி!" என்று கையைப் பிடித்தார். பத்ரோஸ் அந்தக் கையைத் தட்டிவிட்டு நடந்துகொண்டே சொன்னார்:

"விடும் வே! அவ அந்தப் பக்கம் திரும்பிட்டா. முதுகைப் பாக்கவா நான் வண்டி கழுவிக்கொண்டு வந்தேன்?"

இப்போதெல்லாம் பெண்டாட்டி ஆட வந்தால் புருஷன்மார் மேடையைச் சுற்றி நடக்க வழி விட்டுத்தான் நான் நாற்காலி போட வேண்டியிருக்கிறது என்றால், இந்த வேலையில் காது போனது போக முட்டும் உண்மையாகவே போகாமல் என்ன செய்யும், நீங்களே சொல்லுங்கள்!