முட்டிக்குக் கீழே ஒரு தட்டு

பௌர்ணமிக்கு ஐந்து நாள் இருந்தது. சவாரியை இறக்கிவிட்டு ஆட்டோவை விட்டு இறங்கியபோது என் வலது கால் மரத்துப்போய்த் தடுமாறினேன். ஸ்டாண்டு வரிசையில் எனக்கு அடுத்த சவாரிக்கு நின்ற ஆட்டோக்காரர் பார்த்துவிட்டார்.

"அந்தாளுக்குக் கால் செத்துப்போச்சுப்பா. பிரேக்க எப்படி மிதிப்பான்?"

சாயங்காலத்துக்குள் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டார். காலைச் சரிபண்ணிக் காட்டாமல் கிரிவலக் கூட்டத்தில் ஓட்டக் கூடாது என்றார் ஸ்டாண்டுத் தலைவர்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். கவலைப்படுவதில் மட்டும் குறை வைத்ததில்லை. நரம்பு நன்றாக இருந்தால் கால் தானாகத் துள்ளும் என்று யாரோ சொன்னார்களென்று முட்டிக்குக் கீழே தட்டித் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. தட்டும்போதெல்லாம் அந்த ஆட்டோக்காரர் முகம்தான் வந்தது.

செங்கம் ரோட்டில் அக்குபங்சர் பார்க்கும் அம்மாவிடம் போனேன். காலைத் தொங்கவிடச் சொல்லி ரப்பர் சுத்தியலால் தட்டினார். கல் மாதிரி கிடந்தது.

"செத்துப்போச்சுங்களா?"

"நல்லாத்தான் இருக்கு. பயத்துல தொடைய இறுக்கிப் புடிச்சிருக்கீங்க. தானா ஆடுற கால ஆட விட மாட்டேங்கறீங்க."

காலிலும் கையிலும் ஊசிகள் வைத்தார். முதலில் கனத்தது, பிறகு கண் அசந்துவிட்டேன். எழுப்பித் தட்டினார். ஒரு சாண் துள்ளியது கால்.

"ஊசி புது நரம்பு ஒண்ணும் கொடுக்கல. உடம்பு தளர்ந்துச்சு, அவ்ளோதான்" என்றார்.

மறுநாள் ஸ்டாண்டில் தலைவருக்குக் காட்ட என் வண்டியின் பின்சீட்டில், காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்தேன்.

"நானே தட்றேன். ஏமாத்திடுவாரு" என்று அந்த ஆட்டோக்காரரே ஸ்க்ரூடிரைவரோடு எதிரில் குந்தினார். அதன் பிடியால் தட்டினார். பயத்தில் தொடை இறுகிவிட்டது. கால் அசையவில்லை.

"பாத்தீங்களா? பொணம்!"

அவர் சிரித்த சிரிப்பில் என் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவருடைய தாடை எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

"இன்னொரு வாட்டி தட்டுண்ணே."

தட்டினார். மல்லாந்து விழுந்தார்.

"இன்னாய்யா, பொணம் ஒதைக்குது!" என்றார் தலைவர். ஸ்டாண்டே சிரித்தது.

"தானா ஆடுச்சுண்ணே. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

அந்தப் பௌர்ணமிக்கு விடிய விடிய ஓட்டினேன். அவர் இன்னும் தாடையைத் தடவியபடி என்னைப் பார்ப்பார், நான் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவேன். ஆனால் வருத்தமில்லை. தானாகத் துள்ளியது ஒரு சாண்தான். அதற்கு மேலே போனதெல்லாம் நான்.