ஒட்டகத்தை மறைத்த அத்தான்

முதல் இருமல் அத்தானுடையது. என் அக்காவின் கணவர் ரெமிஜியுஸ். அரபு நாட்டிலிருந்து விடுமுறையில் எங்கள் கடற்கரை ஊரான ஆலந்தலைக்கு வந்த வாரமே காய்ச்சலில் படுத்தார். தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம்.

மருத்துவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"அங்க ஒட்டகம் பக்கத்துல போனீங்களா? அதோட பால் ஏதும் குடிச்சீங்களா?"

"நான் கப்பல்ல இருக்கேன் டாக்டர். கரையில எறங்கவே இல்ல."

ஊரிலும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். எங்கள் கடற்கரையில் கப்பலுக்குப் போகிறவருக்கு மரியாதை தனி. கடலைப் பார்த்துப் பிறந்தவன் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கிறான் என்றால் சிரிப்பார்கள் என்று பயந்திருக்கிறார்.

சாதாரண நிமோனியா (நுரையீரல் அழற்சி) என்று பொது வார்டில் போட்டார்கள். அக்காவும் நானும் மாறி மாறிச் சளியைத் துடைத்தோம், கஞ்சி ஊட்டினோம். முகக்கவசம் போடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அத்தான் தேறி எழுந்தார். நாங்கள் இருவரும் படுத்தோம்.

அக்காவுக்கு வெண்டிலேட்டர் (செயற்கை மூச்சுக் கருவி) வைத்த அன்றுதான் அத்தான் வாயைத் திறந்தார். மருத்துவர் என் படுக்கைக்கு வந்தார்.

"ஒங்க அத்தான் இப்பத்தாம்மா சொல்லுதாரு. ஒட்டகப் பண்ணையிலதான் வேலையாம். சளி புடிச்ச கன்னுகளை அவருதான் பாத்திருக்காரு. மொதல்லயே சொல்லியிருந்தா ஒங்க ரெண்டு பேரையும் பக்கத்துல விட்டிருக்கவே மாட்டோம்."

பரிசோதனையில் மெர்ஸ் (ஒட்டகத்திலிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒருவகைக் கொரோனா, நம் பக்கத்து நோயே இல்லை) என்று வந்தது. அக்கா பிழைக்கவில்லை. நான் ஆக்சிஜனில் கிடந்தபோதே அடக்கம் முடிந்துவிட்டது.

முப்பதாம் நாள் பூசைக்குச் சுவரொட்டி அடிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். அக்கா படத்துக்குக் கீழே, 'ஒட்டகப் பண்ணைத் தொழிலாளி ரெமிஜியுஸின் மனைவி' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். மீன் ஏலம் போடும் இடத்தில்கூட ஒட்டச் சொன்னேன். அந்த வேலையில் கேவலம் ஒன்றுமில்லை. கேவலம் என்று நினைத்தவர் அவர். அவருக்கு வலிக்கும் இடம் அதுதான். ஒட்டி முடித்ததும் மனசுக்கு இதமாக இருந்தது, மறைப்பானேன்.

அத்தான் வந்து வாசலில் நின்றார்.

"ஏளா, எல்லாரும் சிரிக்காவ. கிழிச்சிரட்டுமா?"

"கிழிங்க அத்தான். உள்ள இன்னும் ஒரு கட்டு இருக்கு."

இதே நோயோடு போராடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மருத்துவரிடம் கௌரவம் பார்க்காதீர்கள். உங்கள் கௌரவத்துக்காக உங்களுக்குக் கஞ்சி ஊட்டியவர்கள் சாவார்கள்.

என் நுரையீரலில் இப்போது தழும்பு இருக்கிறது. துணி துவைக்க ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. கடிகாரம் பார்த்து வேலை செய்வதை விட்டுவிட்டேன். மூச்சு எவ்வளவு மிச்சமோ அவ்வளவுதான் நாள்.

பூசையில் கர்த்தர் கற்பித்த செபத்தை எல்லோரோடும் சேர்ந்து சொல்கிறேன். தீமை செய்தவர்களைப் பொறுத்து மன்னிக்கும் வரி வந்ததும் நிறுத்திவிடுவேன். மூச்சு முட்டுகிறது என்று பக்கத்தில் இருப்பவர்கள் முதுகைத் தடவுகிறார்கள். அந்த வரியைச் சொல்ல எனக்கு மூச்சு இருக்கிறது.