மக்சுவினி, அவிட்ட நட்சத்திரம்

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத்துத் தமிழ்ச் சனத்தில் கெனடி அண்ணையைத் தெரியாத ஆள் இல்லை. பெயருக்கும் ஆளுக்கும்தான் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஐந்தடிக்கு மேல் ஒரு விரற்கடை உயரம், முன்மண்டை வழுக்கை, கூட்டத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் வேர்த்துக் கொட்டிவிடும். இந்த நகரத்து ஐரிஷ் மதுச்சாலை ஒன்றின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தும் இறைச்சி வேகவைத்தும் காலத்தைக் கழித்தவர், முழங்கால் தேய்ந்து போனபிறகு வீட்டோடு இருக்கிறார்.

அந்தப் பெயரை அவருக்கு வைத்தது தகப்பன், சாவகச்சேரியில் சரித்திரம் படிப்பித்த பரராசசிங்கம் மாஸ்டர். மாஸ்டருக்கு அயர்லாந்துப் பைத்தியம். பெரிய நாட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் சின்னத் தீவு, பஞ்சத்தில் சனம் கப்பல் கப்பலாக வெளியேறிய தீவு என்றால் அவருக்கு அது இன்னொரு யாழ்ப்பாணம். மற்றவர்கள் பிள்ளைக்குப் பெயர் வைக்க எழுத்துக் கேட்டுச் சாத்திரியாரிடம் ஓடினார்கள், மாஸ்டர் சரித்திரப் புத்தகத்தைத் திறந்தார். மூத்தவன் பிறந்தது அமெரிக்க ஜனாதிபதி கெனடி சுடப்பட்ட கிழமையில். அந்த ஜனாதிபதியின் பூட்டன் அயர்லாந்திலிருந்து கப்பலேறிய ஏழை என்பது மாஸ்டருக்குப் போதுமாயிருந்தது. அடுத்தவனுக்கு மக்சுவினி என்று வைத்தார். ஆங்கிலேயரின் சிறையில் இரண்டரை மாதம் சாப்பிடாமல் கிடந்து உயிரை விட்ட கோர்க் நகரத்து மேயரின் பெயர் அது. கடைக்குட்டிக்கு நிவேதிதா. ஒரு பிள்ளைக்காவது சைவப் பெயர் கிடைத்ததே என்று தாய்க்காரி நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். விவேகானந்தரின் சிஷ்யையான அந்த நிவேதிதாவும் அயர்லாந்தில் பிறந்தவர்தான் என்பதை மாஸ்டர் ஆறு மாதம் மறைத்து வைத்துத்தான் சொன்னார்.

அந்த வீட்டில் பிள்ளைகளின் பிறந்தநாள் மறந்துபோகும், பெரிய மனிதர்களின் இறந்தநாள் மறக்காது. ஒக்ரோபர் நடுவில் நிவேதிதா, ஒக்ரோபர் கடைசியில் மக்சுவினி, நவம்பரில் கெனடி. சோற்றில் கை வைக்குமுன் மாஸ்டர் அவர்களைப் பற்றிக் கொஞ்சம் கதைப்பார். இதென்ன, ஆர் எவரென்று தெரியாத வெள்ளைக்காரருக்கெல்லாம் என்ர வீட்டில் திவசமோ என்று தாய் புறுபுறுப்பாள். பிள்ளைகள் மூவரும் சிரிப்பை அடக்கப் பாடுபடுவார்கள்.

எண்பத்தைந்தில் கெனடி கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி மேற்குக்குள் வந்தார். அகதி விண்ணப்பம் எழுதிய அதிகாரி பெயரைக் கேட்டதும் கதிரையை விட்டு எழும்பிக் கை கொடுத்தான். பிறகு உட்கார்ந்து, மற்றவர்களைக் குடைந்த மாதிரியே இவரையும் குடைந்தெடுத்தான். வுப்பர்டாலில் மதுச்சாலை முதலாளி ஓரூர்க்குக்கு அதைவிடச் சந்தோஷம். கோர்க்கில் பிறந்தவன் அவன். கெனடி என்ற பெயரில் ஒரு கறுத்த மனிதன் வேலை கேட்டு வந்து நின்றதைப் பார்த்துச் சொந்தக்காரன் வந்துவிட்டான் என்று கூவி, அன்றைக்கே ஏப்ரனைக் கட்டிவிட்டான்.

அந்த மதுச்சாலைச் சுவர் முழுக்க அயர்லாந்தின் பேர்போன மனிதர்களின் படங்கள். முதல் கிழமையே அவற்றுக்கு நடுவில் தம்பியின் பெயரைக் கண்டு கெனடி கையில் தட்டோடு நின்றுவிட்டார். மீசை வைத்த, கண்ணில் துக்கம் உள்ள ஓர் இளம் மனிதர். அன்றைக்கு ஊருக்கு ரெலிபோன் எடுத்து உன்ர ஆளைக் கண்டன் என்று சொன்னபோது, ஆள் நல்லாய் மெலிஞ்சுபோனாரோ என்று தம்பி கேட்டான். பட்டினி கிடந்தவரின் பெயரை வைத்திருந்தானே தவிர அவன் பெரிய சாப்பாட்டு ராமன். வன்னியில் கூட்டுறவுச் சங்க லொறி ஓட்டினான். அரிசியும் மாவும் அவன் லொறியில்தான் சனத்துக்குப் போகும். வீட்டில் அவனைச் சுவினி என்றுதான் கூப்பிடுவார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், சண்டையின் கடைசி நாட்களில், காயப்பட்ட ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுவினி ஆமியின் பக்கம் போனான். பிள்ளையை வாங்கிக்கொண்டு அவனை வேறு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். கண்டவர்கள் அவ்வளவுதான் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவனை ஒருவரும் காணவில்லை.

கெனடி வீட்டில் இன்னும் ஒரு பழைய ரெலிபோன் இருக்கிறது. இரண்டு தரம் வீடு மாறினார்கள், இலக்கத்தை மட்டும் மாற்றவிடவில்லை. சுவினிக்கு மனப்பாடமாய்த் தெரிந்த ஒரே வெளிநாட்டு இலக்கம் அது. விளம்பரக்காரர்களைத் தவிர அதில் கூப்பிட்டது தங்கச்சி நிவேதிதா ஒருத்திதான். பாவம் அந்த மனுசன், இரண்டாவது மணி அடிக்கவிடாமல் தேய்ந்த முழங்காலோடு ஓடுவார்.

நிவேதிதா கலியாணம் கட்டவில்லை. காணாமல் போனவர்களின் உறவுகள் பதில் கேட்டுக் கிளிநொச்சியில் வீதியோரம் கொட்டில் போட்டு உட்கார்ந்தபோது, அண்ணனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அவளும் போய் உட்கார்ந்தாள். மரணச் சான்றிதழ் எடுங்கள், உதவி கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்த அதிகாரியை வாசலோடு திருப்பி அனுப்பினாள். அவளுக்கு ஒரேயொரு பயம் இருந்தது, அது பெரியண்ணனைப் பற்றித்தான்.

"நான் இருக்குமட்டும் நீங்கள் சின்னண்ணாவுக்கு மோட்ச விளக்கு ஏத்திப்போடாதேங்கோ, பெரியண்ணா" என்று ஒவ்வொரு தரமும் சொல்லுவாள்.

கெனடி ஓம் சொன்னார். ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் கோவிலுக்கு வருடந்தோறும் போவார். உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்யும் அருச்சனையில் மூவரின் பெயரையும் சொல்லுவார். கெனடி, ரோகிணி. மக்சுவினி, அவிட்டம். நிவேதிதா, சுவாதி. அங்கே அருச்சனை செய்யும் வயதான ஐயர் ஆரம்பத்தில் மக்சுவினியில் தடக்குப்பட்டார். போகப் போகக் கெனடியின் முகத்தைக் கண்டாலே மூன்று பெயரும் நட்சத்திரத்தோடு அவர் வாயில் வரும்.

ஆனால் ஒக்ரோபர் வந்தால் கெனடிக்கு மனம் கெட்டுப்போகும். ஓரூர்க் வருடாவருடம் ஊருக்குப் போய் அந்த மேயரின் கல்லறையில் பூ வைத்துவிட்டு வருவான். வந்து, மழை பெய்தது, சனம் நிறைய வந்தது என்று கதை சொல்லுவான். கெனடி உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு கேட்பார். செத்து நூறு வருடமான ஒரு மனிதன்மேல் அவருக்குப் பொறாமை, வெட்கமில்லாத பொறாமை. அந்த மனிதனுக்கு நாள் இருந்தது, கல் இருந்தது, பெட்டி தூக்கப் பெருஞ்சனம் இருந்தது. தகப்பன் பிள்ளைகளுக்குப் பெயர் எடுத்து வைத்த அந்த மூன்று பெரிய மனிதர்களின் நாளும் அவருக்குத் தெரியும். தம்பிக்கு மட்டும் நாள் இல்லை. நாள் இல்லாதவனுக்கு எந்தத் திதியில் சோறு படைப்பது?

இந்த வருடம் பங்குனியில் நிவேதிதா போய்விட்டாள். கொட்டிலில் இருந்து வீட்டுக்கு வந்தவள், தேத்தண்ணி வைக்க எழும்பும்போது விழுந்தாளாம். செத்தவீட்டுச் சடங்கைக் கெனடி கைத்தொலைபேசியில்தான் பார்த்தார். கொட்டிலில் இருக்கும் பெண்கள் வந்திருந்தார்கள். அவளுடைய படத்துக்கு மாலை போட்டார்கள். பக்கத்தில் சுவினியின் படத்தை வைத்தார்கள், அதற்கு மாலை போடவில்லை. அதைக் கண்டதும் கெனடி கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாய்விட்டு அழுதார். இத்தனை வருடக் குடித்தனத்தில் மனைவி பாலாம்பிகை அவர் அப்படி அழுது கண்டதில்லை.

பாலாம்பிகை நல்ல மனுசி. ரெலிபோன் மணி அடிக்கும்போதெல்லாம் புருசன் ஓடுவதைப் பார்த்துப் பார்த்துத் தேய்ந்தவள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும் என்று பொறுத்திருந்து, பிறகு மெதுவாகச் சொன்னாள். தங்கச்சி இருக்குமட்டும் என்றுதானே வாக்குக் குடுத்தீர்கள். இனி இரண்டு பேருக்குமாய் மோட்ச அருச்சனை செய்வோம், இரண்டு நெய்விளக்கு ஏற்றுவோம், அந்த ரெலிபோனையும் நிப்பாட்டுவோம். அந்தச் சீவன்களும் ஆறட்டும், நீங்களும் ஆறுங்கோ. கெனடி சரி என்றார். மனதாரத்தான் சொன்னார். அவருக்கும் களைத்துவிட்டது.

திருவிழாக் கூட்டம் ஓய்ந்தபிறகு ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் ஊன்ட்றொப்புக்குப் போனார்கள். தேர் ஓடிய வீதி வெறுமையாய்க் கிடந்தது, கால்வாயில் ஒரு சரக்குப் படகு போய்க்கொண்டிருந்தது. பாலாம்பிகை தட்டில் இரண்டு சிட்டி விளக்கு, நெய், திரி எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். என்ன சொல்லவேண்டும் என்பதைக் கெனடி காரில் வரும்போதே மனதுக்குள் சொல்லிப் பழகியிருந்தார்.

வாய் திறக்க ஐயர் விடவில்லை. கெனடியைக் கண்டதும் முகம் மலர்ந்து தட்டை வாங்கினார். ஒரு வருடம் பார்க்காத பிரியத்தில், கேட்காமலே தொடங்கிவிட்டார். கெனடி ரோகிணி, மக்சுவினி அவிட்டம், நிவேதிதா சுவாதி என்று அம்பாளின் முன்னால் மூவருக்கும் ஆயுளும் ஆரோக்கியமும் கேட்டார்.

பாலாம்பிகை கெனடியின் முழங்கையைத் தொட்டாள்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்கோ" என்றார் கெனடி. "தங்கச்சி தவறிட்டா. அவவின்ர பேரை இனி இதில சொல்லாதேங்கோ."

ஐயரின் கை நின்றது. அவர் தட்டைக் குனிந்து பார்த்தார். அதில் விளக்கு இரண்டு இருந்தது.

"அப்ப, தம்பியின்ர பேர்?" என்று கேட்டார்.

கெனடி பழகி வந்த வசனம் நாக்கில்தான் இருந்தது. அதைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும், வீட்டுக்குப் போய் நித்திரை கொள்ளலாம். ஆனால் சுவினியின் படத்துக்கு மாலை போடாமல் போன பெண்கள் கண்ணில் வந்தார்கள். அந்தப் படத்தை மடியில் வைத்துத் தங்கச்சி இருந்த இருப்பெல்லாம் கண்ணில் வந்தது. அவள் காத்திருந்தது ஒரு பிணத்துக்காக என்று தன் வாயால் அம்பாளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? அவருக்கு ஏலவில்லை.

"அவன்ர பேரைச் சொல்லுங்கோ ஐயா" என்றார். "நான் இருக்குமட்டும் சொல்லுங்கோ."

ஐயர் மறுபடி முதலிலிருந்து தொடங்கி இரண்டு பெயரை மட்டும் சொன்னார். நிவேதிதாவுக்கு ஒரு விளக்கு ஏற்றினார்கள். மற்ற விளக்கின் திரியை எடுத்துப் பாலாம்பிகை சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். ரெலிபோனைப் பற்றி அவள் பிறகு வாய் திறக்கவில்லை.