காசாஞ்செடியின் நீலம்

ஸ்காட்லாந்தில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி 2007 டிசம்பரில் விடுமுறைக்கு வந்தபோது, எனக்கென்று ஒரு படமும் ஒரு விதைப் பொட்டலமும் கொண்டுவந்தான். படத்தில் ஒரு மலைச்சரிவு முழுக்க ஊதா நிறம். மரமே கிடையாது. முழங்கால் உயரப் புதர்கள், அத்தனையும் பூ.

"இதுக்குப் பேரு ஹெதர், அக்கா. மலையில யாரும் நட்டு வெக்கல, தானா மொளச்சிக் கெடக்கு. வீட்டுத் தோட்டத்துலயும் தொட்டியில வெச்சி வளக்குறாங்க."

நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். செடி என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம். அந்த விதை தும்மினால் பறந்துவிடும் அளவுக்குத் தூசியாக இருந்தது. பொங்கல் கழித்துத் தொட்டியில் தூவினேன். ஒரு மாதம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு காலை, பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் எட்டிப் பார்த்தால், மண்ணில் பச்சைப் புள்ளிகள்.

"மாமா, மேல வாங்க, சீக்கிரம்."

பாதி சவரம் செய்த முகத்தோடு என் கணவர் மாடிக்கு ஓடி வந்தார். லென்ஸ் வைத்து எண்ணினோம். ஒன்பது.

அதன்பின் மாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கைப்பையோடு நேராக மாடிக்குத்தான் போவேன். ஈரச்சாக்கில் பந்தல் போட்டேன். பானைத் தண்ணீரைத் தெளித்தேன். பங்குனி வெயில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கடைசி நாற்று, நின்ற நிலையிலேயே பழுப்பாகிப்போனது. தொட்டியைக் கவிழ்த்து மூலையில் வைத்தேன்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பலாப்பழம் சாப்பிட வரச்சொல்லிக் காடாம்புலியூரிலிருந்து கணவரின் அலுவலக நண்பர் கூப்பிட்டார். சாப்பாடு முடிந்ததும் அவர் மனைவி என்னை முந்திரித்தோப்பு வழியாக ஐயனார் கோயிலுக்கு அழைத்துப்போனார். கோயிலைச் சுற்றி அடர்ந்த காடு. அதன் விளிம்பில் நான் அப்படியே நின்றுவிட்டேன்.

செம்மண்ணில் வரிசையாகப் புதர்கள். இலைக்குக் கீழே கிளை முழுவதும் நீலமும் ஊதாவும் கலந்த பூங்கொத்துகள், குச்சியே தெரியாதபடி. புதர் முழுக்கத் தேனீ இரைச்சல்.

"என்னங்க இது?"

"காசாஞ்செடிங்க. மத்த நாள்ல யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம். பூத்தா இப்புடித்தான், நாலஞ்சு நாளு."

"ஒரு குச்சி ஒடிச்சுக்கட்டுமா?"

"ஐயையோ, சாமி காடுங்க, தொடக்கூடாது. பழம் உதுரும்போது வாங்க, பொறுக்கிக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் கல்லூரிக் காலத்துப் புத்தகத்தைப் புரட்டினேன். காசா என்ற பெயருக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெயர்: காயா. மார்கழி மார்கழியாகக் காயாம்பூ நிறத்தவன் என்று பெருமாளைப் பாடியிருக்கிறேன். அந்தப் பூ எப்படி இருக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் அது பூத்துக் கிடந்திருக்கிறது.

"அப்ப பெருமாள் கலரையா இன்னைக்கிப் பாத்துட்டு வந்திருக்க?" என்றார் கணவர். "என்னைக் கூப்பிடவே இல்ல."

ஆடியில் இருவருமாகப் போய், உதிர்ந்த கறுப்புப் பழங்களைப் பொறுக்கினோம். தின்று பார்த்ததில் நாக்கு ஊதாவானது. அந்த ஊர்ச் செம்மண்ணையும் ஒரு பை அள்ளிவந்து விதைத்தேன். மூன்று முளைத்தன. ஒன்றைச் சுற்றுச்சுவர் ஓரம் தரையில் நட்டேன். மிக மெதுவாக வளர்ந்தது. 2011 கடைசியில் அடித்த புயலில் முருங்கைமரம் அதன்மேல் சாய்ந்தது. இருவரும் மழையிலேயே மரத்தைத் தூக்கி நகர்த்தினோம். இரண்டு கிளை முறிந்திருந்தது, வேர் அசையவில்லை.

அடுத்த சித்திரையில் ஒரு காலை, மிஞ்சியிருந்த கிளையில் ஏழு கொத்து நீலம்.

தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். "மேடம், இன்னிக்கி லீவு வேணும். எங்க வீட்டுல காயாம்பூ பூத்திருக்கு."

"சரி, பாத்துட்டு மத்தியானமாச்சும் வந்துருங்க. பேப்பர் திருத்தணும்."

பன்னிரண்டு மணி வரை செடி எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் போன நாலைந்து பேரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். பிறகுதான் பஸ் ஏறினேன்.