குதிரைக்கு லாடம் கடித்ததாக ஊர் சொன்னது

எங்கள் தெருக்கோடியில் மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போகும் வெள்ளைக் குதிரை ஒன்று இருக்கிறது. எனக்குச் சர்க்கரை வந்தபின், டாக்டர் உத்தரவுப்படி காலையில் அதைக் கடந்துதான் நடக்கிறேன்.

ஒருநாள் அது முன்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னால் தள்ளி, வெயில் தரையில் வெறுங்காலோடு மாட்டிக்கொண்டவரைப் போல நின்றது. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஊரே செருப்பு, ஷூ தைக்கும் ஆம்பூரில் கால் வலித்தால் முதல் குற்றவாளி செருப்புதான்.

"லாடம் டைட்டா கீது பாய். சைஸ் மாத்து," என்றார் ஒருவர் குதிரைக்காரரிடம்.

ஷூ கம்பெனியில் தரப் பரிசோதகனான நான் சும்மா இருப்பேனா? டேப் வைத்து அளந்து, ஷூவுக்குள் வைக்கும் மெத்தென்ற உள்ளட்டை ஒன்று வெட்டிக்கொண்டு வந்தேன். குதிரை அதை முகர்ந்துவிட்டுத் தின்னப் பார்த்தது.

கால்நடை மருத்துவரம்மா வந்து குளம்பைத் தொட்டார். கொதித்தது. கழுத்தை அழுத்தினார். கொழுப்பு கட்டியாக இருந்தது.

"லாடத்து மேல தப்பில்ல. இதுக்கு இனிப்பு ஒத்துக்கல. குளம்புக்குள்ள எலும்பைப் பிடிச்சிருக்கிற சதை வீங்கியிருக்கு. அது பிடி விட்டா எலும்பு சாஞ்சிடும். அப்புறம் நிக்கவே முடியாது. யாரு இனிப்பு தர்றது?"

"கொள்ளே கம்மியாத்தான் வெக்கிறேன் மேடம்," என்றார் குதிரைக்காரர்.

நான் தொண்டையைச் செருமினேன். டீக்கடையில் தினமும் நாலு பிஸ்கட் வாங்குவேன். வாங்குவது என் கட்டுப்பாட்டில் இல்லை; தின்னாமலிருப்பது என் வைராக்கியம். அந்த வைராக்கியத்தைக் குதிரைக்கு ஊட்டிவந்திருக்கிறேன். நான் ஒப்புக்கொண்டதும் வெல்லம், பேரீச்சம்பழம், கேசரி என்று மற்றவர்களும் வாய் திறந்தார்கள்.

"தோஸ்த்துங்களே இப்டின்னா பகையாளி எதுக்கு சார்?" என்றார் குதிரைக்காரர்.

தண்டனையாகக் காலை வேலை எனக்கு வந்தது. காய்ந்த புல்லை ஊறவைத்து, இனிப்பு இறங்கிய தண்ணீரைக் கொட்ட வேண்டும். குளம்புக்கு ஐஸ் தண்ணீர் ஊற்றி, சூடு தணிந்ததா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இருபது வருஷம் ஷூவுக்குள் கைவிட்டுப் பார்த்தவன், பாதம் என்ன சொல்கிறது என்று கேட்டது அதுதான் முதல்முறை. ஆச்சரியம், அது நிறையவே சொன்னது.

மூன்றாவது வாரம் குளம்பு குளிர்ந்திருந்தது. எலும்பு சாயவில்லை என்று எக்ஸ்ரேயும் சொன்னது. மணலில் நாலடி எடுத்து வைத்தது குதிரை. அந்த நேரம் பார்த்துக் கல்யாண வீட்டிலிருந்து போன். குதிரைக்காரர் அதன் கால்களையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இந்த சீசன் குதிரை வராதுங்க. மாப்பிள்ளைய நடந்து வரச் சொல்லுங்க. அவருக்குக் காலு நல்லாத்தானே கீது?"