காளான் பூத்த வெள்ளிக்கிழமை

மலேசியாவின் கிள்ளானில் ஒரு சைவக் கேட்டரிங் கிச்சனில் ஸ்டோர் பொறுப்பை ஏற்ற முதல் வாரம் அது. பதினெட்டு வருடம் லோரி ஓட்டிய எனக்குச் சரக்கை ஏற்றத் தெரியும், இறக்கத் தெரியும். கெடாமல் வைத்திருக்கத் தெரியாது என்பது வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் பண்டமாரானில் கல்யாணம். ஐந்நூறு பேருக்குக் காளான் பெரட்டல். ஊற வைக்க எடுத்துத் தரலாம் என்று காய்ந்த காளான் இருந்த பெரிய டப்பாவை எட்டிப் பார்த்தேன். மேல்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. பூசணம்தான், சந்தேகமே இல்லை. பழைய லோரி முதலாளியின் நம்பர் போனில் இன்னும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். பிறகு டப்பாவைத் தூக்கிக்கொண்டு குப்பைத் தொட்டிக்கு ஓடினேன்.

கிச்சன் முதலாளி பாக்கியம் அக்கா வழி மறித்தார்.

"எங்க தம்பி தூக்கிட்டு ஓடுற?"

"எல்லாம் பூத்துப் போச்சுக்கா. நாளைக்குப் பெரட்டல் இல்ல லா."

அக்கா ஒரு காளானை எடுத்தார். விரலால் தேய்த்தார், மோந்தார். விரலில் ஒட்டியதை அப்படியே நெற்றியில் இட்டுக்கொண்டார்.

"திருநீறு. காலையில சாமி கும்பிட்டு ஸ்டோர் பூரா தூவினேன். டப்பாவ ஏன் தொறந்து போட்ட?"

"காத்து வாங்கட்டும்னு..."

"காத்து வாங்க அது என்ன பீச்சுக்கா வந்திருக்கு? நம்ம ஊரு காத்துல பாதி தண்ணி லா."

துடைத்தால் உதிர்வது தூள். பூசணம் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். இது தெரியாமல் சாமியே கைவைத்த காளானைக் குப்பையில் கொட்டப் போயிருக்கிறேன்.

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, சோறு வேகும் ஸ்டீமருக்கு மேல் தட்டில் திங்கட்கிழமை நான் வைத்திருந்த இன்னொரு சின்னக் காளான் டப்பாவைக் காட்டினேன். "இது பளிச்சுன்னு இருக்கு பாருங்கக்கா. சூட்டுல காஞ்சே இருக்கும்னு அங்க வச்சேன்."

அக்கா ஒன்றை உடைக்கப் பார்த்தார். காய்ந்த காளான் டக்கென்று உடைய வேண்டும். இது பழைய செருப்புத் தோல் மாதிரி வளைந்தது. திருப்பினார். அடிமடிப்புகளில் பச்சையாக மயிர் முளைத்திருந்தது. ஈரக் காலுறை வாடை. நாலு நாளும் நான் அதற்கு ஆவி பிடித்துவிட்டிருக்கிறேன்.

"கழுவி வெயில்ல போட்டா சரியாகாதாக்கா?"

"ஐந்நூறு பேரு வயிறு தம்பி."

அந்த டப்பா குப்பைக்குப் போனது. குறைந்த அளவுக்கு அக்கா உருளைக்கிழங்கு சேர்த்தார். பெரட்டல் மிச்சமில்லாமல் தீர்ந்தது.

ஸ்டோருக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மூடி இறுக்கமாக இருக்கட்டும். ஆவி வரும் இடம் ஆகாது. கண்ணை மட்டும் நம்பாதீர்கள். உடைத்துப் பாருங்கள், மோந்து பாருங்கள், திருப்பிப் பாருங்கள்.

கல்யாணம் முடிந்து பாத்திரம் ஏற்றும்போது மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, திங்கக்கிழமை நான் வரணுமா?"

"வராம? உனக்கு மூடி போடக் கத்துக் குடுத்தாச்சு. இன்னொருத்தன புடிச்சு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லப்பா."